லாயத்துக் குதிரையும் காற்றடைத்த பந்தும்

குதிரையையும் பெரிய பந்தையும் ஒன்றாகத் திடலில் விடுவது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூட்டன் என்ற ஊரைச் சேர்ந்த எம். ஜி. கிரேன் 1894இல் ‘புஷ்பால்’ என்ற ஆட்டத்தை உருவாக்கினார். ஆறடி விட்டமும் 50 பவுண்டு எடையும் கொண்ட பந்தை இரண்டு அணிகள் முட்டித் தள்ளும் ஆட்டம் அது. 1902இல் நியூயார்க்கின் டர்லண்ட் குதிரையேற்றப் பள்ளியில் அதைக் குதிரைமேல் அமர்ந்து ஆடத் தொடங்கினார்கள். பிறகு இங்கிலாந்தின் படைத்துறை விழாக்களிலும் அது இடம்பெற்றது. அங்கே ஆடியவர்கள் மனிதர்கள், குதிரை அவர்களுடைய ஊர்தி. இன்று 25, 30, 40 அங்குல விட்டங்களில் கடைக்கு வரும் பந்துகளோ குதிரையே ஆடுவதற்கென்று விற்கப்படுகின்றன. உள்ளே தடித்த பிவிசியால் ஆன காற்றுப்பந்து, அதன்மேல் நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி உறை என்பதே அவற்றின் பொதுவான அமைப்பு. அடைபட்ட குதிரையின் சலிப்பைப் போக்கும், உடலுக்குப் பயிற்சி தரும், மருட்சியைக் குறைக்கும் என்று இவற்றைப் பற்றிச் சொல்லப்படுவது ஏராளம். அவற்றில் எதற்கு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை என்பதைப் பார்க்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீனி, துணை, திறந்தவெளி ஆகிய மூன்றும் ஏற்கெனவே கிடைத்திருக்கும் குதிரைக்குத்தான் பந்து நன்மை செய்கிறது. அவை கிடைக்காத குதிரைக்குப் பந்து எதையும் ஈடுசெய்வதில்லை, உரிமையாளரின் மனத்தைத்தான் ஆற்றுகிறது.

குதிரையின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதிலிருந்து தொடங்குவதே முறை. கட்டுப்பாடின்றித் திரியும் குதிரை நாளில் பாதிக்கு மேற்பட்ட நேரத்தை, சில சமயம் 16 மணி நேரம் வரை, மேய்வதில் செலவிடுகிறது. அதன் இரைப்பை ஓயாமல் அமிலம் சுரக்கிறது. மெல்லும்போது ஊறும் உமிழ்நீர்தான் அந்த அமிலத்தைத் தணிக்கிறது. லாயத்தில் கட்டிய குதிரைக்கோ காலையும் மாலையும் கொள்ளும் தானியமும், இடையே ஒரு கட்டுப் புல்லும் கிடைத்தால் அதிகம். சில மணி நேரத்தில் தீனி தீர்ந்துவிடுகிறது. மிச்சப் பொழுதில் அது தொட்டி விளிம்பைப் பல்லால் பற்றிக் காற்றை விழுங்குகிறது, கதவருகே நின்றபடி இடமும் வலமுமாகத் தலையை ஆட்டுகிறது, அல்லது கொட்டடிக்குள்ளேயே வட்டமடிக்கிறது. நம் ஊர்க் குதிரைக்காரர்கள் இவற்றைக் ‘கெட்ட பழக்கம்’ என்பார்கள். குதிரையைக் குற்றவாளியாக்கும் அந்தச் சொல்லை நாம் கைவிட வேண்டும். நிக்கோல், வாட்டர்ஸ், ஃபிரெஞ்சு ஆகியோர் இங்கிலாந்தில் இளங்குதிரைகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, இப்பழக்கங்களின் வேர் எங்கே இருக்கிறது என்று காட்டியது. தாயிடமிருந்து பிரித்ததும் கொட்டடியில் அடைக்கப்பட்ட குட்டிகளிடம், மேய்ச்சல் திடலில் விடப்பட்டவற்றைவிட இயல்பற்ற நடத்தை கூடுதலாக வந்தது. பிரித்த பின் அடர்தீவனம் ஊட்டப்பட்ட குட்டிகளிடம் தொட்டி கடிக்கும் பழக்கம் நான்கு மடங்கு வேகத்தில் தோன்றியது. ஆக, குட்டிப் பருவத்திலேயே தீனியும் இருப்பிடமும் விதைத்துவிட்ட ஒரு தொல்லையைப் பிற்பாடு வாங்கிப் போடும் பந்து எப்படிப் பிடுங்கும்?

பந்தால் பழக்கம் குறைந்ததாகக் காட்டும் ஆய்வுகளும் உண்டே என்று கேட்கலாம். உண்டு, அவற்றை மதிக்கவும் வேண்டும். பன்றிகளுக்காக எடின்பரோவில் உருவான தீனிப் பந்தைச் சற்று மாற்றி, விண்ஸ்கில், வாரன், யங் ஆகியோர் 1996இல் லாயத்துக் குதிரைகளிடம் சோதித்தார்கள். 2001இல் ஹெண்டர்சனும் வாரனும் ‘ஈக்விபால்’ என்ற உருளும் தீனிக்கருவியைச் சிறு எண்ணிக்கையிலான குதிரைகளுக்குக் கொடுத்தபோது இயல்பற்ற நடத்தை குறைந்தது. ஆனால் இந்த இரண்டும் காற்றடைத்த பந்துகள் அல்ல. உருட்ட உருட்ட உள்ளிருந்து தீனித் துண்டுகள் சிந்தும் கெட்டிப் பந்துகள் அவை. குதிரை உருட்டியது பந்துக்காக அல்ல, மேய்ச்சலுக்காக. நார்வேயில் யோர்கென்சன் குழுவினர் 2011இல் பலவகைப் பொருள்களைக் குதிரைகளின் முன் வைத்துப் பார்த்தபோதும் தின்னக்கூடியவையே அவற்றின் கவனத்தைக் கூடுதலாக ஈர்த்தன. ஒரே வகைப் புல்லுக்குப் பதிலாகப் பலவகைத் தாள்தீனி வைத்தால் குதிரை தேடித் தின்னும் நேரம் கூடுகிறது என்பதை குட்வின், டேவிட்சன், ஹாரிஸ் ஆகியோர் 2002இல் காட்டினார்கள். இத்தனை ஆய்வுகளும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. விற்பனையாளர்கள் தீனிப் பந்துக்குக் கிடைத்த நற்பெயரைக் காற்றுப் பந்தின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். வாங்குபவர் இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாலே பாதி ஏமாற்றம் தவிரும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஏழரைக் கிலோ உலர்ந்த தாள்தீனி என்ற பொதுக் கணக்கு நிறைவேறாத லாயத்தில், பந்துக்கான பணம் புல்லுக்குப் போவதே நியாயம்.

துணையின் கதையும் இதுவே. லிங்கன் பல்கலைக்கழகத்தின் மெக்கஃபி, மில்ஸ், கூப்பர் ஆகியோர், தலையாட்டும் குதிரைகளின் கொட்டடியில் கண்ணாடி பொருத்தியபோது அந்த ஆட்டம் வெகுவாகக் குறைந்ததை 2002இல் பதிவு செய்தார்கள். இன்னொரு குதிரை அருகில் இருப்பது போன்ற தோற்றமே அத்தனை வேலை செய்கிறது என்றால், உண்மையான தோழமைக்கு எவ்வளவு வலு இருக்கும்! பந்துக்கு முகமில்லை, மணமில்லை, பிடரியைச் சொறிந்துவிடும் பல்லும் இல்லை.

அப்படியானால் காற்றுப் பந்து வீணா? இல்லை. குதிரையின் விளையாட்டில் பொருள்களுக்கும் உண்மையாகவே ஓர் இடம் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சூ மெக்டொனலும் பூலினும் 2002இல் குதிரையினத்தின் விளையாட்டு அசைவுகளைத் தொகுத்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஓட்ட விளையாட்டு, சண்டை விளையாட்டு, இணைசேர்வதுபோன்ற விளையாட்டு, பொருளோடு விளையாட்டு. குச்சியைக் கவ்வி எறிவது, தட்டுப்படுவதைக் காலால் தட்டுவது, மூக்கால் உருட்டுவது எல்லாம் கடைசி வகையில் சேரும். யாரும் கற்றுத் தராமல் குட்டிகள் செய்பவை இவை. பெரிய பந்து இந்த இயல்புக்கு நல்ல தீனி. அது தள்ளினால் நகர்கிறது, நகர்ந்த பின் தானே நின்றுவிடுகிறது, தள்ளிய குதிரைக்குத் தன் செயலின் விளைவு உடனே தெரிகிறது. லான்சாட் தலைமையில் பிரான்சில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், அகன்ற கொட்டடி, வைக்கோல் படுக்கை, அன்றாட மேய்ச்சல், பலவகைச் சுவை, மாறி மாறி வரும் பொருள்கள் ஆகியவற்றோடு வளர்ந்த குட்டிகள், வெறுங்கொட்டடியில் வளர்ந்தவற்றைவிட மருட்சி குறைந்தும் கற்பதில் தேறியும் இருந்தன. அந்தப் பட்டியலில் பொருள்கள் ஓர் உறுப்பு மட்டுமே, எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எல்லாம் சேர்ந்த வாழ்வில் அவற்றுக்கும் பங்கிருந்தது. கூட்டத்தை எதிர்கொள்ளும் காவல்துறைக் குதிரைகளுக்குப் பல நாடுகளில் பெரிய பந்தைத் தள்ளப் பழக்குவதும் இதே நம்பிக்கையில்தான். தன்னை நோக்கி அசையும் பெரிய உருவத்தைக் கண்டு ஓடாமல், தான் முன்னே போனால் அது விலகும் என்பதைக் குதிரை தன் உடலால் கற்றுக்கொள்கிறது.

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேராகச் சந்திக்க வேண்டும், ஏனெனில் அது பந்தின் ஆதரவாளர்கள், எதிர்ப்பாளர்கள் இருவரையுமே சங்கடப்படுத்தும். விளையாடும் குதிரை மகிழ்ச்சியான குதிரை என்பது நம் எல்லோருக்கும் உள்ள எண்ணம். பிரான்சின் ரென் நகரத்து ஆய்வாளர் ஹாஸ்பெர்கரும் உடன் உழைத்தவர்களும் 2012இல் குதிரையேற்றப் பள்ளிக் குதிரைகளை ஆராய்ந்தபோது, வளர்ந்த குதிரைகளுள் கூடுதலாக விளையாடியவற்றிடமே நாட்பட்ட அழுத்தத்தின் அறிகுறிகளும் கூடுதலாக இருந்தன. நாளெல்லாம் அடைபட்டுக் கிடந்து சிறிது நேரம் வெளியே விடப்படும் குதிரை அந்த நேரத்தில் வெடித்துக் கிளம்புவதை நாம் குதூகலம் என்று படித்துவிடுகிறோம். அந்த ஆய்வு பார்த்தது குதிரைகள் தமக்குள் ஆடும் ஆட்டத்தை, பந்தை அல்ல. இருந்தும் அதன் எச்சரிக்கை பந்துக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். பந்தை வெறிபிடித்ததுபோல் உதைத்துத் துரத்தும் குதிரையைப் படம் பிடித்து ரசிப்பதற்கு முன், அது நேற்று எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்று கேட்பது நல்லது. அமைதியாக வந்து, மோந்து, இரண்டு முறை தள்ளி, மேயப் போய், மறுபடி திரும்பி வரும் குதிரைதான் எனக்கு நிறைவைத் தருகிறது. வருவதும் போவதும் அதன் விருப்பத்தில் இருக்கிறது. பந்தின் நன்மை முழுவதும் அந்த விருப்பத்தில்தான் அடங்கியிருக்கிறது.

விருப்பம் என்றதும் பந்தை எப்படி அறிமுகப்படுத்துவது என்ற கேள்வி எழும். பெரும்பாலான விபத்துகளுக்கும் ஆறாத மருட்சிக்கும் வழி வகுப்பது இந்த முதல் நாள். குதிரையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பந்தை அதன்மேல் உருட்டி, ‘பழகிவிடும்’ என்று காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டென்மார்க்கில் கிறிஸ்டென்சனும் உடன் உழைத்தவர்களும் பயிற்சி பெறாத இரண்டு வயது ஆண் குதிரைகளிடம் வெள்ளை நைலான் பையொன்றை அச்சப் பொருளாக வைத்து மூன்று முறைகளை ஒப்பிட்டு 2006இல் வெளியிட்டார்கள். பையின் முழு அசைவையும் முதலிலேயே காட்டிப் பழக்குவது ஒன்று, அசைவோடு தீனியைச் சேர்த்துக் கொடுப்பது இன்னொன்று, சிறுகச் சிறுகப் படி ஏற்றிப் பழக்குவது மூன்றாவது. படிப்படியான முறையில் மட்டுமே எல்லாக் குதிரைகளும் அமைதியாகப் பழகின, துள்ளி விலகுவதும் அதில்தான் குறைவு. பந்துக்கு இதைப் பொருத்தினால் வழி தெளிவாகிறது. முதல் நாள் காற்று பாதி இறங்கிய பந்து, உருளாமல், திடலின் நடுவே. அருகில் பழகிய துணைக்குதிரை இருந்தால் நல்லது. கட்டுக்கயிறு வேண்டாம். குதிரை ஒரு காது திருப்பினாலும் போதும், அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்தடுத்த நாள்களில் பந்தை ஒருவர் குதிரையை விட்டு விலகும் திசையில் மெல்ல உருட்டிச் செல்லலாம். விலகிப் போகும் பொருளைப் பின்தொடரும் ஆவல் குதிரைக்கு இயல்பு, தன்னை நோக்கி வருவதிலிருந்து ஓடுவதும் இயல்பு. இந்த இரண்டில் முதலாவதைத் தொட்டே பயிற்சி நகர வேண்டும்.

குதிரையின் கண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் அமைந்த கண்களால் அது தன்னைச் சுற்றி ஏறத்தாழ 350 பாகை பார்க்கிறது. ஆனால் நெற்றிக்கு நேர் முன்னும் மூக்குக்குக் கீழும் பார்வை எட்டாத சிறு பகுதிகள் உண்டு. பந்தை மூக்கால் தொடும் கணத்திலேயே அதன் பெரும்பகுதி குதிரையின் பார்வையிலிருந்து நழுவுகிறது. மீசை மயிரும் மோப்பமுமே அப்போது துணை. தொட்ட குதிரை திடீரெனத் தலையை உயர்த்துவதும் பின்வாங்குவதும் அடங்காமையல்ல. நிறத்தைப் பொறுத்தவரை, குதிரையின் கண்ணில் இருவகை நிறக்கூம்புகளே உள்ளன என்பதை கேரலும் உடன் உழைத்தவர்களும் 2001இல் உறுதி செய்தார்கள். நீலமும் மஞ்சளும் அதற்குப் பிரிந்து தெரியும், சிவப்பும் ஆரஞ்சும் பச்சையோடு கலந்துவிடும். பிரிட்டனில் பந்தயத் தடைகளின் ஆரஞ்சுப் பட்டைகள் குதிரைக்குச் சரியாகத் தெரிவதில்லை என்று எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வு காட்டிய பின் அவற்றை வெள்ளைக்கு மாற்றினார்கள். எனவே புல்திடலுக்கு நீல உறையோ வெள்ளை உறையோ வாங்குவது நல்லது. அளவில், குதிரையின் முன்னங்கால் முழங்காலைவிடத் தெளிவாக உயரமான பந்தே சரி. முழங்காலுக்குக் கீழ் நிற்கும் பந்தின்மேல் குதிரை காலைத் தூக்கி வைத்துவிடும், வழுக்கினால் அத்தனை எடையும் ஒரு காலில் விழும். உயரம் குறைந்த மட்டக்குதிரைக்கு 25 அங்குலம் போதும், ‘ஹேண்ட்’ என்ற குதிரை உயர அளவில் 15க்கு மேற்பட்டதற்கு 30 அல்லது 40.

திடலில் மட்டுமே பந்து, கொட்டடியில் கூடாது. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடிக் கொட்டடியில் 40 அங்குலப் பந்து, குதிரை கால் நீட்டிப் படுக்கும் இடத்தைத் தின்றுவிடும். படுத்தால்தான் குதிரைக்கு ஆழ்ந்த கனவுத் தூக்கம் வாய்க்கும். திடலுக்கு முள்கம்பி வேலி இருந்தால் பந்து கூடவே கூடாது, பந்து கிழிவது சின்ன நட்டம், அதைத் துரத்திப்போய் வேலியில் மார்பைக் கொடுக்கும் குதிரைதான் பெரிய நட்டம். தலைவாரைக் கழற்றிவிட வேண்டும். கைப்பிடி வார் தைத்த உறைகளும் சந்தையில் உண்டு, மனிதர் தூக்கிச் செல்ல அது வசதி. லாடம் அடித்த குளம்பு அதில் மாட்டக்கூடும் என்பதால் வாரைப் பிரித்துவிட்டே பந்தைத் திடலில் விட வேண்டும். பல குதிரைகள் சேர்ந்து நிற்கும் இடத்தில் ஒரே பந்தை வலுத்தது காவல் காக்கும், மெலிந்தது மூலையில் மாட்டும். இரண்டு பந்துகள் வைப்பதும், கூரிய மூலைகளைப் பலகையால் வளைத்து அடைப்பதும் இதற்கு நல்ல தீர்வு. பந்தை இடிக்கவும் உதைக்கவும் பழகிய குதிரை மனிதரையும் இடிக்கும் என்று சில பயிற்சியாளர்கள் அஞ்சுகிறார்கள். குதிரை எதைத் தள்ளலாம், எதைத் தள்ளக்கூடாது என்று பிரித்தறியத் தெரிந்த விலங்கு. ஆனால் மனிதர் நடுவில் நின்று பந்தைக் குதிரையின் மேல் எறிந்து, அது திருப்பி இடிக்கும்போது சிரித்துக்கொண்டிருந்தால் அந்த அச்சம் மெய்யாகிவிடும். ஆளும் குதிரையும் பந்தும் ஒரே வட்டத்துக்குள் நின்று ஆடும் ஆட்டத்தை நான் ஏற்கவில்லை.

பராமரிப்பைப் பலர் பந்தின் ஆயுளுக்கான வேலையாக மட்டும் பார்க்கிறார்கள். அது குதிரையின் குடலுக்கான பாதுகாப்பு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, விழுங்கியது கீழேதான் போக வேண்டும். நைலான் இழை கலந்த ரப்பர்ப் பட்டையால் வேலி கட்டிய பண்ணைகளில், இளங்குதிரைகள் அந்த இழைகளை மென்று விழுங்கிப் பெருங்குடல் அடைத்து அறுவை மேசைக்குப் போனது கால்நடை மருத்துவத்தில் நன்கு தெரிந்த செய்தி. பந்தின் உறையும் நைலான் அல்லது அதுபோன்ற செயற்கை இழைதான். உறையில் ஒரு நூல் பிரிந்து தொங்கினால் அன்றைக்கே தைக்க வேண்டும், தைக்க முடியாத அளவு கிழிந்தால் எறிந்துவிட வேண்டும். உறையே இல்லாத வெறும் உடற்பயிற்சிப் பந்தை மலிவு என்று வாங்கிப் போடுவது இதனாலேயே ஆபத்து. காற்று விறைப்பாக இருக்கும்வரை பல்லுக்குப் பிடி கிடைக்காது, சற்றுத் தளர்ந்ததும் மடிப்பு விழும், மடிப்பை முன்பற்கள் கவ்வும். அறிமுக நாளில் பாதிக் காற்றோடு வைக்கும் பந்துக்கு ஆள் காவல் தேவைப்படுவதும் இதனால்தான்.

காற்று அடிப்பதில் அழுத்தத்தைவிட அளவையே நம்ப வேண்டும். பந்தைச் சுற்றி நாடாவால் அளந்தால் 30 அங்குலப் பந்து ஏறத்தாழ 240 சென்டிமீட்டரும், 40 அங்குலப் பந்து ஏறத்தாழ 320 சென்டிமீட்டரும் காட்டும். புதிய பிவிசி முதல் நாளே முழுதாக விரியாது. முக்கால் பங்கு நிரப்பிச் சில மணி நேரம் விட்டு, பிறகு மீதியை நிரப்பினால் தோல் சீராக விரியும். நம் ஊர் வெயிலில் ஒரு கணக்கைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். காலை 25 பாகை செல்சியஸில் நிரப்பிய காற்று, நடுப்பகல் வெயிலில் கிடந்து 55 பாகைக்குச் சூடேறினால் அதன் அளவோ அழுத்தமோ ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடும். துணி உறை பந்தை மேலும் விரிய விடாமல் இறுக்கும்போது அத்தனையும் தையலின் மேல் விழும். சென்னையிலோ மதுரையிலோ கோடையில் காற்றைச் சற்றுக் குறைத்தே அடைப்பதும், ஆட்டம் முடிந்ததும் பந்தை நிழலில் ஒதுக்குவதும் தேவை. வெயிலின் புற ஊதாக்கதிர் பிவிசியைக் கடினமாக்கும். எண்ணெயில் கலந்த ஈ விரட்டித் தெளிப்பு அதிலுள்ள மென்மையூட்டியைக் கரைக்கும். தொட்டால் பிசுபிசுத்தாலோ, வளைத்தால் வெண்கோடு விழுந்தாலோ அந்தப் பந்தின் காலம் முடிந்தது. பஞ்சரானால் சைக்கிள் கடை ரப்பர் ஒட்டு பிவிசியில் நிற்காது, பிவிசிக்கென்றே உள்ள பசையும் அதே பொருளில் வட்டமாக வெட்டிய ஒட்டும் வேண்டும். ஒட்டியபின் ஒரு நாள் காற்றில்லாமல் அழுத்தி வைக்க வேண்டும். இணைப்பு மடிப்பின் மீது கிழிந்தால் ஒட்ட முயல வேண்டாம்.

கழுவுவது பற்றியும் சொல்ல வேண்டும். மூக்கால் தள்ளப்படும் பந்தில் சளி படிகிறது. ‘ஸ்ட்ராங்கிள்ஸ்’ என்ற தொண்டைக்கட்டி நோய் பொதுத் தொட்டி, வாளி வழியாகப் பரவுவது போலவே பொதுப் பந்து வழியாகவும் பரவக்கூடும். இந்தியாவில் இன்னும் ஒழியாத ‘கிளாண்டர்ஸ்’ அதைவிடக் கொடியது, மனிதரையும் தொற்றும், அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய நோய். எனவே ஒரு லாயத்தின் பந்து இன்னொரு லாயத்துக்குப் போகக்கூடாது. மூக்கொழுகும் குதிரைக்குப் பந்தே கூடாது. மற்ற நாள்களில் உறையைக் கழற்றிச் சோப்பு நீரில் அலசிய பிறகே கிருமிநாசினி ஊற்ற வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றிய மருந்து தன் வலுவை இழந்துவிடும். உறையை ஈரம் போக உலர்த்தி மாட்டாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

இவ்வளவு கவனத்துக்குத் தகுந்த பலன் உண்டா என்ற கேள்வி நியாயமானது. குட்டிகளுக்கும் இளங்குதிரைகளுக்கும், கூட்டத்திலும் தெருவிலும் வேலை செய்யவிருக்கும் குதிரைகளுக்கும் உண்டு என்பேன். தசைநாண் காயத்தாலோ குளம்பழற்சியாலோ ஓய்வில் இருக்கும் குதிரைக்கு இல்லை. திடீர்த் துள்ளலைத் தூண்டும் எதுவும் அதற்குக் கேடு, கண்ணி சிறுத்த புல்வலையே அதற்கேற்ற பொழுதுபோக்கு. நாள் முழுதும் கண்முன் கிடந்தால் எந்தப் பொருளும் மண்ணாங்கட்டியாகிவிடும் என்பதால், சில நாள் வைத்துச் சில நாள் எடுத்துவிடுவது ஆவலை நீட்டிக்கும். சில வாரங்கள் இப்படி வைத்தெடுத்தும் பந்தைத் திரும்பிப் பார்க்காத வயதான குதிரைகள் நிறையவே உண்டு. அவற்றைத் தூண்டவோ துரத்தவோ வேண்டியதில்லை. பந்தைக் கழுவி உலர்த்தி, அதே லாயத்தின் குட்டிகள் மேயும் திடலில் விட்டுவிடலாம்.